ஷாக் வேண்டாம் என்றது பெட்டி

பிள்ளைகளா, இது போன வருஷம் ஆயுத பூஜை அன்று, ராஜபாளையத்துக்கு வெளியே நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணித் தறிக்கூடத்தில் நடந்தது. நீங்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருந்தீர்கள். ஆளுக்கொரு பொரிகடலைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தீர்கள். அப்படியிருந்தும் போன வாரம் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு வாசலில் சின்னவன் தன் கூட்டாளிகளிடம் அந்தக் கதையை என்னவென்று சொன்னான் தெரியுமா? எங்க அப்பா மாமா நெஞ்சில் ரெண்டு இரும்பை வைத்து டமால் என்று ஒரு ஷாக் கொடுத்தார், மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று முடித்துவிட்டான். கேட்ட பையன்களும், "ஆமாலே, கேம்லயும் அப்படித்தான்" என்று தலையை ஆட்டினார்கள்.

எனக்கு வந்த எரிச்சலை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். கண்ணால் பார்த்த பிள்ளையே இப்படிச் சொன்னால், பார்க்காத பிள்ளைகள் என்ன நினைத்துக்கொண்டிருக்கும்? நான் பத்தாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். உங்களைப் போல மற்ற வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் ஆட்கள் வந்து கூடத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். தீயணைக்கும் உருளை இருக்கிறதா, மருந்துப் பெட்டி இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்படி ஒருமுறை வந்தவர்கள் கேட்டதன் பேரில்தான் முதலாளி, இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் அந்த டிஃபிப்ரிலேட்டரை வாங்கினார். அந்தப் பேர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஷாக் பெட்டி என்றே கூப்பிட்டோம். அதை எப்படி உபயோகிப்பது என்று ஒரு நர்ஸம்மா ஒரு பொம்மையைக் கொண்டுவந்து வகுப்பு எடுத்தார். ஷிப்டு முடிந்த களைப்பில் பாதிப் பேர் பொம்மையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு பெட்டி ஆபீஸ் சுவரில் தொங்கியது. தூசி துடைப்பதைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை.

ஆயுத பூஜை வந்தது. தறிகளைத் துடைத்துப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். ஸ்பேனர், கத்தரி, தராசு எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் பரப்பினார்கள். அப்போது யாரோ ஒரு புண்ணியவான், இதுவும் மெஷின்தானே என்று ஷாக் பெட்டியையும் கழற்றிக்கொண்டு வந்து நடுவில் வைத்துவிட்டான். அதற்கும் சந்தனம், அதற்கும் குங்குமம். மூடியைச் சுற்றிச் செவ்வந்திச் சரம் வேறு.

பூஜை செய்தது உங்கள் மாமா. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். வன்னியம்பட்டிக்காரர். எங்கள் கூடத்தில் மேஸ்திரி. வருஷா வருஷம் அவர்தான் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு, வெற்று மார்பு நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு, பூசணிக்காயில் சூடம் ஏற்றிக் கூடம் முழுக்கச் சுற்றி வருவார். அன்றும் சுற்றினார். வாசலில் கொண்டுபோய் ஓங்கி உடைத்தார். திரும்பி இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

பூசணித் துண்டு வழுக்கிவிட்டது என்று எல்லாரும் சிரித்தார்கள். சின்னவனே, நீயும் சிரித்தாய். அதில் தப்பில்லை. நானும்தான் சிரித்தேன். அவர் எழுந்திருக்கவில்லை என்றதும்தான் ஓடினோம்.

கண் மேலே சொருகியிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து, நேரம் விட்டு நேரம் கொர்ரென்று ஒரு சத்தம். இங்கேதான் நம்மவர்களின் அறிவு வேலை செய்ய ஆரம்பித்தது. கணக்கு பார்ப்பவர், வயதில் மூத்தவர், "வலிப்பு, வலிப்பு" என்று சொல்லித் தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மச்சானின் கையில் திணித்து, தன் கையால் அதை மூடிப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் சோடா எடுத்துவர ஓடினார். இன்னொருவர், "மூச்சுதான் வருதே, காத்து வர விடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே எல்லாரையும் விடக் கிட்டே வந்து நின்றார்.

அந்தக் கொர்ர் சத்தம் மூச்சு இல்லை. இதயம் நின்ற உடம்பு அப்படி இழுக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று நர்ஸம்மா சொன்னது மட்டும் என் மண்டையில் இருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, முட்டி போட்டு, நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து அமுக்க ஆரம்பித்தேன். ஷாக் பெட்டியை எடுத்துட்டு வாங்க என்று கத்தினேன்.

யாரும் நகரவில்லை. நம்புவீர்களா? பெட்டி கண்ணெதிரே, சாமி முன்னால், பொட்டும் பூவுமாக உட்கார்ந்திருக்கிறது. பூஜையில் வைத்ததை மறுபூஜை போடாமல் எடுக்கக்கூடாது என்று வயதான அம்மா ஒருத்தர் சொல்ல, எடுக்கப் போனவனும் கையை இழுத்துக்கொண்டான். முதலாளியைக் கேட்டுவிட்டு எடுக்கலாம் என்றது இன்னொரு குரல். சாகக் கிடப்பவருக்கு மறுநாள் காலைப் பூஜை வரை அவகாசம் கொடுக்கிறார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா. ஒல்லியாக, எப்போதும் யாரையாவது திட்டிக்கொண்டே இருக்குமே, அந்த அக்கா. அதுவும் நர்ஸம்மா வகுப்பில் உட்கார்ந்திருந்தது. நேரே போய்ப் பெட்டியை, பூவோடு, தூக்கிக்கொண்டு வந்தது.

"சாமி கோவிச்சா என்கிட்ட வரட்டும். நான் பேசிக்கிடுதேன்" என்று மட்டும் சொன்னது.

மூடியைத் திறந்ததும் பெட்டி பேச ஆரம்பித்தது. இங்கிலீஷில். எனக்கும் அக்காவுக்கும் முக்கால்வாசி புரியவில்லை. பெரியவளே, உன்னைக் கூப்பிட்டேன். பொரிகடலைப் பையைக் கீழே போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். பெட்டி சொல்லச் சொல்ல நீ தமிழில் சொன்னாய்.

சின்னவனுக்காக ஒன்று சொல்கிறேன். உன் போனில் நீ விளையாடும் கேமை நானும் எட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு இஸ்திரிப் பெட்டி மாதிரி எடுத்து ஒன்றோடொன்று உரசுகிறான், பொறி பறக்கிறது, சட்டைக்கு மேலேயே வைத்து அடிக்கிறான். எங்கள் பெட்டிக்குள் அப்படி எந்த இரும்பும் கிடையாது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய இரண்டு ஒட்டுத்தாள், அதிலிருந்து பெட்டிக்கு ஒயர், அவ்வளவுதான். எங்கே ஒட்டவேண்டும் என்று தாள் மேலேயே படம் போட்டிருக்கும். ஒன்று வலது தோளுக்குக் கீழே, இன்னொன்று இடது பக்க விலாவில். வெறும் தோலில் ஒட்டவேண்டும். காய்ந்த தோலில்.

மச்சான் உடம்பில் தோல் எங்கே தெரிந்தது? எல்லாம் சந்தனம். அதுவும் ஈரச் சந்தனம். ஒட்டிய தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் கட்டுப்போடத் துணி நெய்கிற இடமாயிற்றே, அக்கா மடிப்பு மேசையிலிருந்து ஒரு கட்டுத் துணியை உருவி வந்து பரபரவென்று துடைத்தது. அதற்கும் பின்னாலிருந்து ஒரு முனகல், பூஜைச் சந்தனத்தை அழிக்கிறார்களே என்று. நான் அமுக்குவதை விட்டுவிட்டு அந்த ஆளைப் போய் அமுக்கலாமா என்றிருந்தது.

தாள் ஒட்டியது. யாரும் தொடவேண்டாம், பார்க்கிறேன் என்றது பெட்டி. இதுவும் கேமில் வராத விஷயம். கொடுக்கலாமா கூடாதா என்று நாம் முடிவு செய்வதில்லை, பெட்டிதான் இதயத்தைப் பார்த்து முடிவு செய்யும். பிறகு, பெரியவளே, நீ சொன்னாய், "ஷாக் குடுக்கணுமாம்ப்பா, மின்னுற பொத்தான அமுக்கணுமாம், யாரும் தொடக்கூடாதாம்" என்று. எல்லாரும் விலகினார்கள். கணக்கு பார்ப்பவர் மட்டும் சாவிக்கொத்தோடு மச்சானின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறார். வலிப்புக்குச் சாவியை எடுக்கக்கூடாதாம். அக்கா அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டது. நான் பொத்தானை அமுக்கினேன்.

டமால் இல்லை. பொறி இல்லை. தூக்கத்தில் ஒருவர் திடுக்கிட்டால் தோள் எப்படித் துள்ளும், அந்த அளவுக்கு ஒரு துள்ளல். அப்புறம் முன்பு போலவே கிடந்தார்.

கூடமே காத்திருந்தது, இப்போது எழுந்துவிடுவார் என்று. சின்னவனே, நீ என் முதுகுப் பக்கம் நின்று, "எந்திரிக்கலையேப்பா" என்றாய். அதை நீ மட்டும் நினைக்கவில்லை, வேலை செய்யாத பெட்டியை வாங்கி மாட்டியிருக்கிறான் என்று பெரியவர்களே முணுமுணுத்தார்கள். ஷாக் கொடுத்த உடனே மறுபடியும் அமுக்கவேண்டும். பெட்டியே அப்படித்தான் சொன்னது. நான் அமுக்கினேன். இரண்டு நிமிடம் என்பது சாதாரண நேரம் என்றா நினைக்கிறீர்கள்? தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது.

மறுபடியும் பெட்டி எல்லாரையும் விலகச் சொல்லிப் பார்த்தது. செத்த நேரம் கழித்துப் பேசியது. பெரியவளே, நீ மெதுவாகச் சொன்னாய்.

"ஷாக் வேண்டாமாம்ப்பா."

அந்த ஒரு வார்த்தைதான். பாதிப் பேர், அப்பாடா, சரியாகிவிட்டது, அதனால்தான் வேண்டாம் என்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். மீதிப் பேர், முடிந்துவிட்டது, மெஷினே கைவிட்டுவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். பூஜைக்கு வந்திருந்த உங்கள் அத்தை, மச்சானின் மனைவி, இதைக் கேட்டு அலறிக்கொண்டு விழுந்தார். பெண்கள் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டி அதற்கு மேலும் ஏதோ பேசிக்கொண்டிருந்தது, யார் காதிலும் விழவில்லை. தறி ஓட்டும் இளவட்டம் ஒருவன் குனிந்து, "சும்மா இன்னொருவாட்டி அமுக்கிப் பாருங்கண்ணே, கேம்ல ரெண்டாவது அடியில எந்திரிப்பான்" என்று பொத்தானைத் தானே போட்டுக் குத்தினான். பெட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாம் எத்தனை குத்து குத்தினாலும் ஷாக் வராது.

நல்ல சேதி என்றவர்களும் கெட்ட சேதி என்றவர்களும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். இனி அமுக்கத் தேவையில்லை! கணக்கு பார்ப்பவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். "விடும்யா. போற உயிர எதுக்குப் போட்டு இந்தப் பாடு படுத்துதீரு?" அவர் கெட்டவர் இல்லை, அழுதுகொண்டேதான் இழுத்தார். இழுத்த இழுப்பில் நான் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். மச்சானின் நெஞ்சு மேல் யார் கையும் இல்லை.

அப்போதுதான் அக்கா ஒப்பாரியைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டது. "ஏட்டி, அழுகைய பொறவு வைங்க. ஷாக்குதான வேண்டாம்னுச்சு, கை வேண்டாம்னா சொல்லுச்சு?"

சொல்லிவிட்டு அதுவே முட்டி போட்டு அமுக்க ஆரம்பித்தது. பெரியவளே, நீ பெட்டியோடு காதை ஒட்டி வைத்துக் கேட்டாய். கேட்டுவிட்டு, அழுத அழுகையில் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. "நிறுத்தாம அமுக்கச் சொல்லுதுப்பா. ஷாக் வேண்டாம், அமுக்குங்கன்னுதான்ப்பா சொல்லுது."

நானும் அக்காவும் மாற்றி மாற்றி அமுக்கினோம். ஆம்புலன்ஸ் வந்து இறங்கிய பையன்கள், அமுக்குவதை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார்கள். அவர்களும் அமுக்கினார்கள், ஊசி போட்டார்கள். அவர்களில் ஒருவர் கழுத்தில் விரல் வைத்து, நாடி கிடைக்கிறது என்றார். மச்சான் அப்போதும் கண் திறக்கவில்லை. எழுந்து உட்காரவில்லை. கட்டையாகத்தான் ஸ்ட்ரெச்சரில் போனார். சின்னவனே, நீ பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் எழுந்து உட்கார்ந்தார் என்கிறாய்.

ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனோம். பல நாள் மூச்சுக்குழாயோடு கிடந்தார். கண் விழித்ததும் உங்கள் அத்தையைப் பார்த்து யாரென்று கேட்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது. "பூசணிக்கா ஒடச்சாச்சா?" என்று கேட்டார். அன்று காலையிலிருந்து நடந்தது எதுவும் இன்று வரை அவருக்கு ஞாபகமில்லை. இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது. அது என் உபயமோ அக்காவின் உபயமோ தெரியாது. பல வாரம் இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான் இருமினார். இப்போது மேஸ்திரி வேலை இல்லை, உட்கார்ந்து துணியில் குறை பார்க்கிறார். பழகிய ஆட்களின் பேர் சட்டென்று வராது. முன்பில்லாத கோபம் வருகிறது. கேமில் எழுந்தவன் துப்பாக்கியோடு ஓடுகிறான். நம் மாமா கழிவறைக்குத் தனியாக நடந்துபோன அன்று உங்கள் அத்தை சாமிக்குத் தேங்காய் உடைத்தார்.

ஒன்று விளங்கிக்கொள்ளுங்கள். இதை எனக்குத் தெரிந்த தறியை வைத்துத்தான் சொல்ல முடியும். நூல் சிக்கித் தறி தாறுமாறாக உதறும்போது என்ன செய்வோம்? முதலில் நிறுத்துவோம். நிறுத்தினால்தான் அது மறுபடி ஒழுங்காக ஓடும். இதயமும் சில சமயம் அப்படித்தான் துடிக்காமல் வெறுமனே உதறுகிறது. ஷாக் அந்த உதறலை நிறுத்தும் பொத்தான். நீங்கள் எல்லாரும் அதை ஓடவைக்கும் பொத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏற்கனவே அசையாமல் நிற்கிற தறியில் போய் நிறுத்தும் பொத்தானை அமுக்கி என்ன பிரயோஜனம்? அதனால்தான் பெட்டி வேண்டாம் என்றது. நின்ற தறியைச் சக்கரத்தைப் பிடித்துக் கையால்தான் சுற்றவேண்டும். நெஞ்சை அமுக்குவதும் கையால் சுற்றுவதுதான்.

கேம் செய்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆள் விழுந்தால் இரண்டு நிமிடம் இரண்டு நிமிடமாக அமுக்கிக்கொண்டிருப்பதை யார் விளையாடுவார்கள், அதனால் விட்டிருப்பார்கள். விளையாட்டு விளையாட்டாக இருக்கட்டும். ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில், ஒரு அடியில் எழவில்லை என்பதற்காக ஒரு மனிதரை ஏறக்குறைய விட்டுவிட்டோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை. பெரியவளே, நீ இரவில் அம்மாவிடம் கேட்டாயாம், நான் ஷாக் வேண்டாம் என்று சொன்னதால்தான் எல்லாரும் நிறுத்தினார்களா என்று. நீ சொன்னது சரியான தமிழ். ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நாங்கள்தான் பாதியில் காதை மூடிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் மச்சானைப் பார்க்கப் போனேன். தலையணையைக் கட்டிக்கொண்டு, "மாப்ள, பொண்ணக் குடுத்தோம், அதுக்கு எலும்ப ஒடிச்சுட்டீரே" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், வலியில் சிரிப்பு வரவில்லை, முகம் கோணியது. நான் தலையணையை அவர் நெஞ்சோடு சரியாக அணைத்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா கடைக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு வெறும் தரையில் மல்லாந்து படுத்தேன். என் நெஞ்சு நடுவில் என் இரண்டு கையையும் வைத்து, அன்று அவரை அமுக்கிய மாதிரி அமுக்கிப் பார்த்தேன். அரை விரற்கடை இறங்குவதற்குள் வலி தாங்காமல் கை தானாக விலகிவிட்டது. மனுஷனைத் திருப்பிக் கூட்டி வருவது இம்புட்டு வலிக்கிற வேலை, அதை வலிக்காத வேலையாக யார் காட்டினாலும் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.